ஆலை தில்லியில்; மதகு அண்டை மாநிலத்தில்

புதுதில்லி: தலைநகரில் கோடைக்காலக் குடிநீர்த் தட்டுப்பாடு தலைதூக்கும்போதெல்லாம், ஆட்சியில் எக்கட்சி இருந்தாலும், பேச்சு புதிய சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கியே திரும்புகிறது. இடத்தைத் தேர்வு செய்வதும், ஒப்பந்தப்புள்ளி கோருவதும், அடிக்கல் நாட்டுவதும் தில்லி குடிநீர் வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அந்த நிலையத்துக்குள் வந்து விழ வேண்டிய நீர் மட்டும் அதன் அதிகாரத்தில் இல்லை.

1998-ஆம் ஆண்டு தனிச் சட்டத்தின் மூலம் வாரியம் அமைக்கப்படும் வரை, குடிநீர் வழங்கல் தில்லி மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தது. அமைப்பு மாறியது, சிக்கல் மாறவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி கேலன் குடிநீர் வழங்கும் இந்நகரில், நிலத்தடி நீரின் பங்கு சிறிதே. யமுனை நீர் ஹரியாணா வழியாகவும், கங்கை நீர் உத்தரப் பிரதேசம் வழியாகவும், பக்ரா அணை நீர் பஞ்சாப், ஹரியாணா வழியாகவும் வந்து சேர்ந்தால்தான் தில்லியின் குழாய்களில் தண்ணீர் வரும்.

வடகிழக்குத் தில்லியில் உள்ள சோனியா விஹார் நிலையத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 2002 ஜூன் மாதம் அன்றைய முதல்வர் ஷீலா தீட்சித் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிரான்ஸ் நாட்டின் சூயஸ் குழுமத்தைச் சேர்ந்த டெக்ரிமாண்ட் நிறுவனத்திடம் கட்டுமானமும், பின்னர் 10 ஆண்டுகளுக்கான இயக்கமும் ஒப்படைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 14 கோடி கேலன், அதாவது 63.5 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரித்து, தெற்கு, கிழக்குத் தில்லிப் பகுதிகளுக்கு வழங்குவது நோக்கம். இதற்கென தெஹ்ரி அணையிலிருந்து விநாடிக்கு 300 கன அடி நீர் தில்லிக்கு ஒதுக்கப்பட்டது. அந்நீர் கங்கையில் இறங்கி, ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாய்க்குள் நுழைந்து, முராத்நகரை அடைந்து, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. நீளமுள்ள குழாய் வழியே தில்லிக்கு வர வேண்டும். குழாயின் விட்டம் மூன்றே கால் மீட்டர். உயரமான மனிதரும் தலை குனியாமல் நடந்து செல்லலாம்.

உண்மையில் சில காலம் அக்குழாய் நடந்து செல்லும் நிலையில்தான் இருந்தது. நிலையம் தயார், தண்ணீர் இல்லை. அணை நிரம்பும் முன்பே கால்வாய் நீரைத் தந்து உதவுமாறு தில்லி கேட்டது. பாசனத் தேவையைக் காட்டி உத்தரப் பிரதேசம் இசையவில்லை. கால்வாயை நம்பியிருக்கும் மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள், தங்கள் வயலுக்கு உரிய நீர் தலைநகரின் குழாய்களுக்குப் போகிறது என்று தொடக்கத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். 2005 அக்டோபரில் தெஹ்ரியின் சுரங்க வழி அடைக்கப்பட்டு அணையில் நீர் தேங்கத் தொடங்கிய பிறகே, 2006-இல் சோனியா விஹாருக்குக் கங்கை நீர் வந்தது. சுந்தர்லால் பகுகுணா பல ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்து தடுக்க முயன்ற அணை அது. தில்லிக்குக் குடிநீர் கிடைத்தது. பழைய தெஹ்ரி நகரம் நீருக்கு அடியில் போனது. தலைநகரின் குடிநீர்க் கணக்கில் இந்த விலை சேர்க்கப்படுவதில்லை.

நீர் வந்த பின்னும் கவலை தீரவில்லை. ஆண்டுதோறும் தசரா, தீபாவளியை ஒட்டிய நாள்களில் பராமரிப்புக்காக மேல் கங்கைக் கால்வாயை உத்தரப் பிரதேச பாசனத் துறை மூடுகிறது. சோனியா விஹாரும், அதே நீரை நம்பியிருக்கும் பாகீரதி நிலையமும் அப்போது குறைந்த அளவிலேயே இயங்குகின்றன. பண்டிகைக் காலத்தில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பது பல குடியிருப்புகளுக்குப் பழகிப் போயிற்று.

2021-இல் நேர்ந்தது எதிர்பாராதது. பிப்ரவரி 7-ஆம் தேதி உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில் பனியும் பாறையும் சரிந்து பெருவெள்ளம் ஏற்பட்டது. மலையில் கரைந்த சேறு கங்கை வழியே இறங்கி, ஒரு வாரத்தில் தில்லியின் நிலையங்களை எட்டியது. நீரின் கலங்கல் 8,000 அலகைத் தொட்டதாக வாரியம் அறிவித்தது. குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 1 அலகு. படிகாரம் சேர்த்து வண்டலைப் படியவைத்து, மணல் வடிகட்டிகள் வழியே செலுத்தும் வழக்கமான முறையால் இவ்வளவு சேற்றைச் சமாளிக்க இயலவில்லை. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலை சரிந்ததால் தெற்குத் தில்லியின் மாடி வீடுகளில் குழாய் வறண்டது.

யமுனைப் பக்கம் நிலைமை இதனினும் சிக்கலானது. வாய்க்காலில் வீணாகும் நீரை மிச்சப்படுத்த, தில்லியின் செலவில் ஹரியாணாவில் 102 கி.மீ. நீளத்துக்கு மூனக் கால்வாய் கட்டப்பட்டது. மிச்சமான நீர் யாருக்கு என்ற வழக்கில் ஆண்டுகள் ஓடின. அந்நீரை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட துவாரகா, பவானா, ஓக்லா நிலையங்கள் அதுவரை காத்துக் கிடந்தன. 2015-இல்தான் வழி பிறந்தது. அடுத்த ஆண்டே, 2016 பிப்ரவரியில், ஜாட் இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் கால்வாயைச் சேதப்படுத்தினர். தில்லியின் ஒன்பது நிலையங்களில் ஏழு நின்றன. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. ராணுவம் கால்வாயைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இவற்றோடு அம்மோனியாவும் உண்டு. பானிபட் வட்டாரத் தொழிற்சாலைக் கழிவு கலந்து யமுனையில் இதன் அளவு கூடும்போது, கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரினை அது விழுங்கிவிடுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமைத் தாண்டினால் வஜீராபாத், சந்திராவல் நிலையங்களில் உற்பத்தியைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2023 ஜூலையில் இதற்கு நேர்மாறாக, யமுனை பெருக்கெடுத்து 208.66 மீட்டரைத் தொட்டபோது, வெள்ளம் புகுந்து அதே நிலையங்கள் மூடப்பட்டன. நீர் குறைந்தாலும் நிறுத்தம், மிகுந்தாலும் நிறுத்தம்.

2024 ஜூன் மாதக் கடும் வெயிலில் பிரச்னை உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. விநாடிக்கு 137 கன அடி உபரி நீரைத் திறக்குமாறு ஹிமாசலப் பிரதேசத்துக்கு நீதிமன்றம் ஜூன் 6-ஆம் தேதி உத்தரவிட்டது. ஒரு வாரத்தில், தம்மிடம் உபரி நீரே இல்லை என்று ஹிமாசல அரசு கூறிவிட்டது. மேல் யமுனை நதி வாரியத்தை அணுகுமாறு தில்லிக்குச் சொல்லப்பட்டது. நீர்வளத் துறை அமைச்சராக இருந்த ஆதிஷி, ஹரியாணாவைக் கண்டித்து உண்ணாவிரதம் இருந்தார்.

எவரிடமும் கேட்காமல் தில்லி தானே செய்து கொள்ளக்கூடிய பணி ஒன்றும் உண்டு. சுத்திகரித்து அனுப்பும் நீரில் ஏறத்தாழ பாதி, பழைய குழாய்களில் கசிந்தும் திருடப்பட்டும் கணக்கில் வராமல் போகிறது. இதில் ஐந்தில் ஒரு பங்கை மீட்டாலே 10 கோடி கேலன் கிடைக்கும். பாகீரதி நிலையத்தின் முழுத் திறனுக்கு அது ஈடு. ஆனால், மண்ணுக்குள் மாற்றப்படும் குழாய்க்குத் திறப்பு விழா நடத்த முடியாது. தெருக்களைத் தோண்டினால் வாக்காளரின் கோபம்தான் மிஞ்சும்.

ஆகவே பார்வை மீண்டும் மலைப் பக்கமே செல்கிறது. ஹிமாசலத்தின் கிரி ஆற்றில் ரேணுகா அணைக்குப் பிரதமர் நரேந்திர மோடி 2021 டிசம்பர் 27-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார். தில்லிக்கு நாளொன்றுக்கு 27.5 கோடி கேலன் தரும் என்பது இத்திட்டத்தின் மீதான எதிர்பார்ப்பு.

யமுனை நீரைப் பங்கிட்ட 1994 மே 12-ஆம் தேதி உடன்பாட்டில், 2025-ஆம் ஆண்டுக்குப் பின் எந்த மாநிலம் கோரினாலும் மறுபரிசீலனை செய்யலாம் என்ற விதி உள்ளது. மக்கள்தொகையைக் காட்டித் தில்லி கூடுதல் பங்கு கேட்டால், பாசனப் பரப்பைக் காட்டி ஹரியாணா மறுக்கும். உடன்பாட்டில் தனக்கு ஒதுக்கப்பட்டும் முழுமையாகக் கிடைக்காத நீரைக் குழாய் வழியே எடுத்துச் செல்ல, ராஜஸ்தானும் 2024 பிப்ரவரியில் ஹரியாணாவுடன் ஒப்பந்தம் செய்து கொண்டுள்ளது.