றேசிங் ஹாண்டில் போட முதல்: உங்கட லீவர் எவ்வளவு கேபிள் இழுக்கும்?

போன எபிசோட்டுக்குப் பிறகு வந்த கேள்வியளிலை அரைவாசி பற்றரி சைக்கிளைப் பற்றித்தான். நான் எழுத எடுத்தது வேறையொண்டு. ஸ்தேனிலை இருக்கிற ஒரு தம்பி அனுப்பின குரல் பதிவு. அவரிட்டை பழைய வேதேதே ஒண்டு இருக்கு. அதிலை நேர் ஹாண்டிலைக் கழட்டிப்போட்டு, வளைஞ்ச றேசிங் ஹாண்டில் போட்டு, சென்-துனி கால்வாய்க் கரையாலை லாச்சப்பலுக்கு வேலைக்குப் போற யோசனை. ஹாண்டிலும் வாங்கியாச்சு, லீவரும் வாங்கியாச்சு. "பிறேக் அதே பிறேக்தானே அண்ணை, அதை மாத்தத் தேவையில்லைத்தானே?"

பதில் சொல்ல முதல் ஒரு விசயம். யூ.எஸ்.பி-சி வயர் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும், எல்லாம் செருகுப்படும். ஆனா ஒண்டு லப்ரொப்பைச் சார்ஜ் பண்ணும், மற்றது போனுக்கே காணாது. பிறேக் லீவரும் இப்பிடித்தான். கேபிளைக் கொழுவலாம், இறுக்கலாம், லீவரைப் பிடிச்சா கட்டை றிம்மிலை முட்டும். ஆனா பொருத்தம் எண்டது அது இல்லை.

லீவர் செய்யிறது இரண்டு வேலை: கேபிளை இழுக்கிற தூரம், இழுக்கிற பலம். உங்கட கையின்ரை வலு ஒண்டுதான், அதாலை ஒண்டு கூடினா மற்றது குறையும். ஊரிலை துலாவைப் பாத்த ஆக்களிட்டைக் கேளுங்கோ, அச்சு எங்கை இருக்கு எண்டதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். லீவரிலையும் அதே கதை. அச்சுக்கும் கேபிள் கொழுவிற இடத்துக்கும் இடையிலை தூரம் கூடினா நிறையக் கேபிள் வரும், பலம் குறைவாக வரும். தூரம் குறைஞ்சா எதிர்மாறு.

1996இல் ஷிமானோ வி-பிறேக்கைக் கொண்டுவந்தது. அதின்ரை இரண்டு கையும் நீளம், ஏறக்குறைய பத்து சென்ரிமீற்றர். அதனாலை பலத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும், ஆனா பதிலுக்கு நிறையக் கேபிள் கேக்கும். அதுக்கெண்டே நேர் ஹாண்டிலுக்கு நீள இழுவை லீவர் வந்தது. றேசிங் ஹாண்டிலுக்கான சாதாரண லீவர் இழுக்கிறது அதின்ரை பாதி அளவுதான். அந்தக் காலத்து வேதேதேயிலை இருக்கிறது பெரும்பாலும் வி-பிறேக். தம்பியின்ரை சிக்கல் இதுதான்.

இந்தச் சோடியைப் போட்டா என்ன நடக்கும்? ஸ்ராண்டிலை வைச்சுப் பிடிச்சுப் பாத்தா பிரமாதமாய்ப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஏனெண்டால் கட்டையை றிம்முக்கு மயிரிழையிலை வைச்சுத்தான் சரிக்கட்டியிருப்பியள். சில்லு கொஞ்சம் நெளிஞ்சா உரசத் தொடங்கும். உரசுது எண்டு கேபிளைத் தளர்த்துவியள். பிறகு கட்டை தேயும். ஒரு மழைநாள், கால்வாய்க் கரையிலை நாயோடை ஆரோ குறுக்கை வர, முழுக்கப் பிடிச்சா லீவர் ஹாண்டிலிலை போய் இடிக்கும், சைக்கிள் நிக்காது. பூட்டின அண்டைக்கே இது தெரியவராது, கிழமைக்கணக்கிலை ஓடின பிறகுதான் தெரியும்.

எதிர்ப்பக்கப் பிழையைப் பற்றி ஆக்கள் குறைவாத்தான் கதைக்கினம். எனக்கெண்டால் அதுதான் கூடப் பயம். பிரான்சிலை நிலவறையளுக்கை கிடக்கிற பழைய சைக்கிளுகளிலை மஃபாக் பிறேக்கைக் காணலாம். கிளெர்மோன்-ஃபெரோனிலை செய்த நல்ல சாமான். 2020இல் திருத்தவேலைக்கு அரசாங்கம் 50 ஈரோ வரைக்கும் குடுத்த நேரம் இந்த மாதிரிப் பழசுகள் கனக்க வெளியிலை வந்தது. இதுகளுக்குக் குறுகின இழுவை லீவர்தான் வேணும். நீள இழுவை லீவரைப் போட்டா லீவர் கல்லு மாதிரி இறுக்கமாய் இருக்கும். "ஆ, நல்ல இறுக்கம்" எண்டு சந்தோசப்படுவியள். உண்மையிலை கட்டைக்குப் போற பலம் குறைஞ்சிட்டுது. 2008இல் காலமான அமெரிக்கச் சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுண் திரும்பத் திரும்பச் சொன்ன விசயம் இது: லீவர் இறுக்கமாய் இருக்கிறது நல்ல பிறேக்குக்கு அடையாளம் இல்லை.

சரி, தம்பி என்ன செய்யலாம்? என்ரை தெரிவு, வி-பிறேக்கை விட்டுட்டு லீவரை மாத்திறது. டெக்ட்ரோ ஆர்.எல். 520 எண்ட லீவர் றேசிங் ஹாண்டிலுக்கெண்டு செய்த நீள இழுவை லீவர். அதிலை கியர் மாத்திற வசதி இல்லை, கியரை ஹாண்டில் நுனியிலை பூட்ட வேண்டிவரும். பழைய கியர் லீவரை அப்பிடியே தூக்கிப் போடலாம் எண்டு நினைக்காதேங்கோ, நேர் ஹாண்டில் 22.2 மில்லிமீற்றர், றேசிங் ஹாண்டில் 23.8. வாங்கின லீவரைத்தான் வைச்சிருக்க வேணுமெண்டால், கை நீளம் எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர் உள்ள குட்டி வி-பிறேக் போடலாம். ஆனா அதுக்குள்ளை பெரிய ரயரும் மட்கார்ட்டும் ஒண்டாய்ப் போகாது. வி-பிறேக் இருந்த அதே குமிழியிலை பழைய கான்ரிலீவர் பிறேக்கும் ஏறும், கேபிள் உறையை நிப்பாட்ட ஃப்ரேமிலை ஒரு தாங்கி வேணும். இடையிலை சின்னக் கப்பி வைச்சு இழுவையைக் கூட்டிற சாமானும் விக்கினம். வேலை செய்யும், எனக்கு விருப்பமில்லை. பழுதாப்போக இன்னொரு சாமானைச் சேர்க்கிறது ஏன்?

டிஸ்க் பிறேக்காரரும் சிரிக்காதேங்கோ. அவிட் பி.பி. 7இலை றோட்டுக்கு வேறை, மலைச் சைக்கிளுக்கு வேறை. டி.ஆர்.பி. ஸ்பையர் றேசிங் லீவருக்கு, ஸ்பைக் நீள இழுவைக்கு. ஷிமானோவே 2008க்குப் பிறகு தன்ரை றேசிங் லீவரின்ரை இழுவையைக் கூட்டினது, அதாலை புது லீவரையும் பழைய பிறேக்கையும் சோடி சேர்க்க முதல் அவையின்ரை பொருத்த அட்டவணையைப் பாருங்கோ.

கேபிளும் வேறைதான். றேசிங் லீவருக்குள்ளை போற தலை பேரிக்காய் வடிவம், நேர் ஹாண்டிலுக்கு உருளை. பல கேபிளுக்கு இரண்டு நுனியிலும் ஒவ்வொண்டு இருக்கும், வேண்டாததை வெட்டுறது. உருளையை றேசிங் லீவருக்குள்ளை அமத்தி விடாதேங்கோ.

பூட்டி முடிஞ்சதும் றோட்டுக்கு இறங்க முதல் ஒரு சோதனை. முன் பிறேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சைக்கிளை முன்னுக்குத் தள்ளுங்கோ. முன் சில்லு உருளாமல் பின் சில்லு மேலை எழும்ப வேணும். அந்த நேரம் லீவருக்கும் ஹாண்டிலுக்கும் இடையிலை ஒரு விரலாவது போகவேணும். பின் பிறேக்கையும் இதே மாதிரிப் பாருங்கோ, பிரான்ஸ் சட்டப்படி இரண்டும் சரியா வேலை செய்யவேணும்.

முன் பிறேக்கை எந்தக் கைக்குக் கொடுக்கிறது எண்டதையும் பூட்டமுதலே முடிவெடுங்கோ. இஞ்சை வழக்கம் இடது கை. பிரித்தானியாவிலையிருந்து ஊருக்கு வந்த றலியிலும் ஹம்பரிலும் அது வலது கை. அப்பாவும் அந்தச் சைக்கிளை எடுத்து ஓடுறவரெண்டால், சாவியைக் குடுக்க முதல் எந்தக் கை எதுக்கெண்டு அவருக்கு ஒருக்காக் காட்டிவிடுங்கோ.