திரு.வி.க பாலம் தெரியும்... திரு.வி.க கட்டிய சங்கம் தெரியுமா?

சென்னையில் திரு.வி.க பெயரில் பாலம் இருக்கு, பூங்கா இருக்கு, ஒரு நகரே இருக்கு. 'தமிழ்த்தென்றல்'னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனால், குன்றத்தூர் - போரூர் வட்டாரத்துத் துள்ளம் (இன்றைய தண்டலம்) கிராமத்தில் 1883-ல் பிறந்த அவர், இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முக்கியமான முகம் என்பது பலருக்குத் தெரியாது.

சங்கத்துக்குள் எப்படி வந்தார்?

தமிழாசிரியராக இருந்தவர், 1917-ல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அப்போது பெரம்பூர் பின்னி ஆலைகளில் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிடக்கூட நேரம் கிடையாது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க துணைத் தலைவர்.

வழக்கு என்ன ஆச்சு?

1920 கடைசியில் ஆலையில் கதவடைப்பு. சங்கத் தலைவர்கள் மீது பின்னி நிறுவனம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சங்கம் நடத்துவதற்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாத காலம் அது. வாடியா விலகியதும் பாரம் திரு.வி.க தோளுக்கு வந்தது.

ஜெயித்தாரா?

1921-ல் பல மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தம் தோற்றது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சாதிப் பிளவு சங்கத்தையே உடைத்தது. கவர்னர் வெலிங்டன், நாடு கடத்துவேன் என்று திரு.வி.க-வை எச்சரித்தார். ஆனாலும் பின்னி வழக்கு எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சொந்தக் கட்சி ஆட்சியில்?

1925-ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் திரு.வி.க. அதே காங்கிரஸ் ஆட்சி நடந்த 1947-ல், பின்னி வேலைநிறுத்தத்தையொட்டி அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது. 1953 செப்டம்பர் 17-ல் மறைந்தார்.

இன்னைக்கு நமக்கு என்ன?

குன்றத்தூரிலிருந்து கொஞ்ச தூரம்தான் சுங்குவார்சத்திரம். அங்கே சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைக்குப் போகவில்லை. முக்கியக் கோரிக்கை, சங்கத்துக்கு அங்கீகாரம். நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது, அந்த 1926 சட்டத்தின் கீழ்தான். கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நம்ம ஏரியா இளைஞர்கள் இன்று கேட்கும் உரிமையை, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நூறு வருஷம் முன்பே கேட்டிருக்கிறார்.