ஆவுளியாவுக்காக வலையை அறுப்பவர்கள்

அதிராம்பட்டினம் தொடங்கி அம்மாபட்டினம் வரை பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022இல் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். கடல்பசுவைக் கரையோர மக்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல் மேயும் பிராணி. மூச்சுவிட அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விடும். ஒரு குட்டி ஈன்றால் அடுத்ததற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைக் கொல்வது குற்றம். ஆனால் நடுக்கடலில் வலையை இழுக்கும்போது பக்கத்தில் அதிகாரி யார் இருக்கிறார்? படகில் இருக்கும் நாலு பேர்தான். விடுவிக்க வேண்டுமென்றால் வலையைக் கத்தியால் அறுக்க வேண்டும். அந்த வலைதான் வீட்டின் பிழைப்பு. ‘நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க?’, ‘கரையில என்ன சொல்வாங்க?’ அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடுவது இந்த இரண்டு கேள்விகள்தான். சமூக உளவியலாளர்களும் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறார்கள்: மற்றவர்கள் செய்வது ஒன்று, சரியென்று ஏற்பது இன்னொன்று.

ஒரு காலத்தில் இரண்டுமே ஆவுளியாவுக்கு எதிராக இருந்தன. கிடைத்தால் இறைச்சிதான்; பங்கு போட்டதை யாரும் தவறென்று நினைக்கவில்லை. இன்று தஞ்சைக் கரையில் ஆவுளியாவை விட்ட மீனவர்களை வனத்துறை ஊரறியப் பாராட்டி வெகுமதி தருகிறது. அந்த ‘ஊரறிய’ என்பதுதான் பணத்தைவிடப் பெரிது என்பேன். விடும் காட்சி கைபேசியில் பதிவாகி அடுத்த குப்பத்துக்கும் போகிறது.

மற்றவர்கள் செய்வதை இப்படிச் சொல்லிக் காட்டுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. நம் திருவக்கரைபோல அமெரிக்காவின் அரிசோனாவிலும் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் ஒரு கல்மரப் பூங்கா இருக்கிறது. ‘பலர் கல்மரத்தை எடுத்துப் போனதால் காடு பாழாகிறது’ என்று சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அங்கே பலகை வைத்துப் பார்த்தார்கள். ‘எடுக்காதீர்கள்’ என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகையைவிட, இந்தப் பலகை இருந்த இடத்தில் திருட்டு அதிகமாக நடந்தது. பலரும் எடுக்கிறார்கள் என்ற செய்தியே எடுக்கச் சொன்னதுபோல் ஆகிவிட்டது.

எனவே மீன் இறங்குதளத்தில் பலகை வைப்பவர்கள் ‘ஆவுளியா வேட்டை நிற்கவில்லை’ என்று எழுத வேண்டாம். எந்த ஊர்ப் படகு எப்போது விட்டது என்று எழுதுங்கள். ஊர்க்கூட்டத்தில் அந்தப் படகுக்காரரையே பேசச் சொல்லுங்கள். அறுந்த வலைக்கு ஈடும் தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும்; நஷ்டப்பட்டவர் கரையில் புலம்பினால் அந்தப் பேச்சும் அடுத்த படகுக்குப் போய்ச் சேரும்.