புள்ளிக் குறிப்பில் ஏறாத பிடி

சடுகுடு என்று தமிழ்நாட்டில் வழங்கிவரும் கபடி, அணிக்கு எழுவர் ஆடும் குழு ஆட்டமாயினும், ரெய்டர் எனப்படும் ஒருவர் தனியே எதிர்க்களத்துக்குள் பாடிச் சென்று திரும்பும் ‘ரெய்டு’ அமைப்பைக் கொண்டிருப்பதால், ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் திறனையும் அளப்பது இதில் எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டுப் புரோ கபடித் தொடரில் பாட்னா அணியின் பர்தீப் நர்வால் 369 ரெய்டுப் புள்ளிகள் குவித்தார் என்று கேட்டதும் அவரது மதிப்பு விளங்கிவிட்டதாகவே தோன்றும். பர்தீப்பின் பெருமையை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஓர் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே அதிகம்.

முதலாவதாக, குறிப்பேட்டில் ஒன்றாகத் தெரியும் புள்ளிகள் ஆடுகளத்தில் ஒன்றல்ல. எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் பதித்தால் ஒரு புள்ளி கிடைக்கிறது; ஒருவரைத் தொட்டுத் திரும்பினாலும் ஒரு புள்ளிதான். எனினும் தொடுபுள்ளி வெளியே அமர்ந்திருக்கும் சக ஆட்டக்காரர் ஒருவரை உள்ளே அழைத்துவருகிறது, போனஸ் புள்ளி எவரையும் அழைத்துவருவதில்லை. களத்தில் இருவர் மட்டுமே எஞ்சியிருக்கும் அணிக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

இரண்டாவது, வாய்ப்பின் கடுமை. தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் புள்ளியின்றி முடிந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், தவறினால் சென்றவர் வெளியேற வேண்டும் என்பது புரோ கபடி விதி. இதைச் ‘செய் அல்லது செத்து மடி’ ரெய்டு என்கிறார்கள். முதன்மை ரெய்டரை இழக்க விரும்பாத அணிகள் பல வேளைகளில் இரண்டாம் நிலை ஆட்டக்காரரையே இதற்கு அனுப்புகின்றன. வருபவரைப் பிடிக்கவே எதிரணி காத்திருக்கும் இத்தகைய ரெய்டுகளே அவர் பங்குக்கு மிகுதியாக வருவதால், அவரது வெற்றி விகிதம் தாழ்ந்து காணப்படுவதில் வியப்பில்லை. இதற்கு நேர்மாறாக, அணி முன்னிலையில் இருக்கும் கடைசி நிமிடத்தில் ஒரு ரெய்டுக்குரிய முப்பது வினாடிகளையும் கரைத்துவிட்டு வெறுங்கையுடன் பத்திரமாகத் திரும்புகிறவர், குறிப்பேட்டின்படி ஒன்றும் செய்யாதவர் ஆகிறார்.

தற்காப்பில்தான் கணக்கு மிகவும் தடுமாறுகிறது. ரெய்டர் போனஸ் கோட்டை நோக்கி வலது மூலைப்பக்கம் கால் நீட்டுகிறார். கார்னர் எனப்படும் மூலை ஆட்டக்காரர் பாய்ந்து கணுக்காலைப் பற்றுகிறார். போனஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு ஆடவர் ஆட்டத்தில் 4.75 மீட்டர் தொலைவில் இருக்கிறது. உடலை முறுக்கி விழுந்து கையை நீட்டினாலே அதில் பாதித் தொலைவைக் கடந்துவிடலாம். அந்தக் கணத்தில் கவர் எனப்படும், மையத்தை ஒட்டி நிற்கும் ஆட்டக்காரர் இரண்டடி முன்வந்து வழியை மறிக்காவிட்டால் பிடி நழுவும். பற்றிய கார்னர் மட்டுமல்ல, ரெய்டர் மீது கை வைத்த அத்தனை பேரும் வெளியேற நேரிடும். பிடி நின்றாலோ, பெரும்பாலும் கணுக்காலைப் பற்றியவர் பெயரில் புள்ளி ஏறுகிறது. வழி மறித்தவரின் இரண்டடி எங்கும் பதிவாவதில்லை. அவசரப்பட்டுப் பாயாமல் தன்னை அடக்கிக்கொண்ட ஆட்டக்காரரின் நிதானமும் அப்படியே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

அப்படியானால் தனித்தனியே அளப்பதையே விட்டுவிடலாமா என்றால், அதுவும் ஆகாது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான், பலர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு ஆள் செலுத்தும் விசை குறைகிறது என்பதை 1913இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பிற்காலத்தில் அமெரிக்க உளவியலாளர் பிப் லட்டானேயும் உடன் ஆய்ந்தோரும் இதன் ஒரு பகுதியைக் ‘குழுச் சோம்பல்’ என்று விளக்கி, தமது பங்கு தனியே அறியப்படுகிறது என்று தெரிந்தவர்களிடம் அந்தச் சோம்பல் தணிவதைக் கண்டனர். ஆகவே ஒவ்வொருவர் பங்கையும் அளக்கத்தான் வேண்டும். எதை அளப்பது என்பதில்தான் தெளிவு தேவை.

திறனை வளர்ப்பதும் இந்தத் தெளிவிலிருந்தே தொடங்குகிறது. ‘நன்றாகப் பிடி’ என்று கார்னரிடம் சொல்வதால் எதுவும் மாறாது. பிடிக்கப் புகுந்த தடவைகள் எத்தனை, அவற்றுள் ரெய்டரின் எடை முன்காலில் இருந்தபோது புகுந்தவை எத்தனை, துணை வருமுன்பே பாய்ந்தவை எத்தனை என்று பிரித்துக் காட்டும்போதுதான் அவர் அடுத்த வாரம் எதைப் பழக வேண்டும் என்பது புலப்படும். ரெய்டருக்கும் அவ்வாறே: உள்ளே நுழைந்த பக்கம், முதல் பத்து வினாடிகளில் சோதித்த ஆட்டக்காரர், திரும்பத் தேர்ந்த வழி என ஒரு ரெய்டைத் துண்டுகளாக்கிப் பார்த்தால், தோல்வி காலில் இருந்ததா, கணிப்பில் இருந்ததா என்பது தெரியும். கவரையும் கார்னரையும் இணையாகவே மதிப்பிட்டு இணையாகவே பழக்குவது மேலும் நல்லது.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை. எல்லைக்கோட்டருகே நிறுத்திய ஒரு கைபேசியும் பொறுமையுள்ள ஒருவரும் போதும். பள்ளி, ஊர் அணிகளைப் பழக்குவோர் தங்கள் குறிப்பேட்டில் ‘பிடித்தவர்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘வழி மறித்தவர்’ என்று இன்னொரு பத்தியை அடுத்த ஆட்டத்திலேயே கோடிட்டுக்கொள்ளலாம்.