மனநோயும் கருணைக்கொலையும்: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

கருணைக்கொலைக்குச் சட்ட அனுமதி உள்ள நாடுகள் பலவற்றில், தீராத உடல்நோயால் துன்பப்படுபவர்கள்தான் அதைக் கோர முடியும். மனநோயை மட்டும் காரணமாகக் கொண்ட கோரிக்கைக்கும் இடம் தரும் நாடுகள் சிலவே. அவற்றுள் நெதர்லாந்தின் அனுபவம் நீண்டது.

அங்கே இதற்கு வழிவகுத்தது ஒரு வழக்கு. இரண்டு மகன்களையும் பறிகொடுத்த 50 வயதுப் பெண் ஒருவர் உயிரை முடித்துக்கொள்ள, 1991இல் மனநல மருத்துவர் பௌதவெய்ன் ஷாபோட் உதவினார். அந்தப் பெண்ணுக்கு உடல்நோய் எதுவும் இல்லை. 1994இல் உச்ச நீதிமன்றம், வேதனை உடலில் பிறந்ததா மனத்தில் பிறந்ததா என்பதைவிட, அது தாங்க முடியாததா, தீர்க்க முடியாததா என்பதே முக்கியம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மனவேதனை என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றது. வேறொரு மருத்துவர் அந்தப் பெண்ணை நேரில் பரிசோதிக்காததால் ஷாபோட் குற்றவாளி என்று தீர்மானித்தது, தண்டனை விதிக்கவில்லை.

2002 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்த கருணைக்கொலைச் சட்டமும் மனநோயை விலக்கவில்லை. கோரிக்கை நோயாளியின் சொந்த முடிவாக, நன்கு யோசித்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஏற்கத்தக்க வேறு வழி இருக்கக் கூடாது. சிகிச்சையில் தொடர்பில்லாத இன்னொரு மருத்துவர் நோயாளியை நேரில் பார்க்க வேண்டும். மனநோயாளி என்றால் மனநல வல்லுநரின் கருத்தும் தேவை. ஒவ்வொரு மரணத்தையும் மறுஆய்வுக் குழு பின்னர் ஆராய்கிறது. விருப்பமில்லாத மருத்துவர் மறுக்கலாம்.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. சாவை விரும்புவதே கடும் மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். நோயின் போக்கையும் உறுதியாகக் கணிக்க முடியாது. பல ஆண்டுகள் துன்பப்பட்ட பின் தேறியவர்கள் உண்டு. மறுபக்கம், மனநோய் வந்ததாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழப்பதில்லை என்றும், மனநோயாளிகளை மட்டும் ஒதுக்குவது பாகுபாடு என்றும் ஆதரிப்பவர்கள் வாதிடுகின்றனர்.

நெதர்லாந்தில் 2024இல் பதிவான 9,958 கருணைக்கொலைகளில் 219 மனநோயை முன்னிட்டு நடந்தவை. முந்தைய ஆண்டு அது 138.

பெல்ஜியம், மரணம் நெருங்காத நோயாளிகளுக்குக் கூடுதலாக ஒரு வல்லுநரின் ஆய்வையும் ஒரு மாதக் காத்திருப்பையும் கட்டாயமாக்கியுள்ளது. கனடா 2021இல் சட்டத்தை விரிவாக்கியபோது மனநோயைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. மருத்துவ அமைப்பு இன்னும் தயாராகவில்லை என்று சொல்லி 2024இல் அந்த விலக்கை 2027 மார்ச் வரை நீட்டித்தது.

கனடா சொன்ன காரணம் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். மனநல சிகிச்சைக்கே மாதக்கணக்கில் காத்திருப்பவரை, எல்லா வழியும் முயன்று பார்த்தவராகச் சட்டம் கருதக் கூடாது. சிகிச்சையும் தங்குமிடமும் துணையும் முதலில் கிடைக்க வேண்டும். கருணைக்கொலை பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் எழ வேண்டும்.