சராசரி வேகமும் சரியான வேகமும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16, ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர எல்லைக்குள் தடாவை அடைகிறது. அங்கிருந்து மேற்கே பிரியும் சாலை வரதய்யபாளையம் வழியாகச் சீகாளத்தி நோக்கிச் செல்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள இம்மண்டலம் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் பகுதியாகும். 2008இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டி தொழில்நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் நிலப்பரப்பில் அமைந்துள்ளது. அதனால் இச்சாலைகளில் சரக்கு லாரியும் தொழிலாளர் பேருந்தும், சீகாளத்தி செல்லும் பக்தர்களின் காரும், உப்பலமடுகு அருவிக்குச் செல்லும் இளைஞர்களின் இருசக்கர வாகனமும், உழவரின் டிராக்டரும் ஒன்றாக ஓடுகின்றன.

இத்தகைய சாலையில் வாகனங்கள் எவ்வளவு வேகத்தில் செல்கின்றன என்று ஒருவர் கேட்டால், ஒற்றை எண்ணில் விடை கூற இயலுமா? கணக்கேடுகளோடு பழகிய நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. ஒரு கிளையின் வைப்புத்தொகைச் சராசரியை மட்டும் பார்த்து அதன் வாடிக்கையாளர் அனைவரையும் அறிந்துவிட்டதாக நாம் கொள்வதில்லை. சாலைக்கும் இது பொருந்தும்.

அளவெடுக்கும் முறை

வேகத்தை அளக்கும் எளிய வழி, சாலையில் இரண்டு கோடுகளை வரைந்து, ஒரு வாகனம் அவற்றைக் கடக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தால் குறிப்பதாகும். கோடுகளுக்கு இடையே 60 மீட்டர் இருந்து, வாகனம் 3 விநாடியில் கடந்தால் அதன் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். 4 விநாடியில் கடந்தால் 54 கிலோமீட்டர். கடிகாரத்தை 0.2 விநாடி முன்னதாக நிறுத்திவிட்டால் 72 என்பது 77 ஆகிவிடும். அமெரிக்கப் பொறியாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1930களில் ஓகையோ மாநிலச் சாலைகளில் தொடர் நிழற்படங்கள் எடுத்து வேகத்தைக் கணக்கிட்டார். போக்குவரத்து ஆய்வு ஓர் அறிவியலாக வளர்வதற்கு அவருடைய பணி அடித்தளமிட்டது. இன்று காவலர் கையில் உள்ள வேகமானி, வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு கண நேரத்தில் வேகத்தைச் சொல்லிவிடுகிறது.

கருவி எதுவாயினும் சில ஒழுங்குகள் மாறா. அளப்பவர் ஓட்டுநர் கண்ணில் படலாகாது. பட்டால் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுவர். நெரிசலில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும் வாகனங்கள், ஓட்டுநரின் விருப்ப வேகத்தைக் காட்டமாட்டா. காலை, நண்பகல், இரவு என வெவ்வேறு வேளைகளில் அளக்கவேண்டும். எண்ணிக்கையும் போதிய அளவில் இருக்கவேண்டும். நூறு வாகனங்களை அளந்து கிடைக்கும் சராசரியின் பிழையைப் பாதியாகக் குறைக்க, இருநூறு போதாது. நானூறு வாகனங்களை அளக்கவேண்டும் என்பது புள்ளியியல் விதி.

சராசரி மறைப்பவை

இரண்டு சாலைகளைக் கற்பனை செய்வோம். முதற்சாலையில் எல்லா வாகனங்களும் மணிக்கு 50 முதல் 60 கிலோமீட்டருக்குள் செல்கின்றன. இரண்டாம் சாலையில் பாதி வாகனங்கள் 35இலும் மறுபாதி 75இலும் செல்கின்றன. இரண்டிலும் சராசரி 55 எனக் கொள்வோம். ஏட்டில் இரண்டும் ஒன்றே. ஓட்டிச் செல்பவருக்கு ஒன்றல்ல. இரண்டாம் சாலையில் விரைவு வாகனம் மெதுவான வாகனத்தை ஓயாது முந்தவேண்டியிருக்கிறது. இருவழிச் சாலையில் முந்துதல் என்பது எதிர்வரும் வாகனத்தின் பாதையில் நுழைதலாகும். எனவே சராசரியோடு திட்ட விலக்கத்தையும் பொறியாளர் கணக்கிடுகின்றனர். டிராக்டரும் காரும் ஒரே தாரில் ஓடும் நம் ஊர்ச் சாலைகளில் அவ்விலக்கம் பெரிதாக இருப்பதே இயல்பு.

சராசரியிலும் இருவகை உண்டு. 30 கிலோமீட்டர் தொலைவுள்ள ஊருக்கு 60 வேகத்தில் சென்று, 40 வேகத்தில் திரும்புகிறோம். சராசரி 50 என்று தோன்றும். ஆனால் போக 30 நிமிடம், வர 45 நிமிடம். 60 கிலோமீட்டருக்கு 75 நிமிடம் ஆனதால் உண்மைச் சராசரி 48 மட்டுமே. இதனை இசைச் சராசரி என்பர். பரஸ்பர நிதியில் மாதத் தவணை செலுத்துவோர் இதனை அறியாமலே பயன்படுத்துகின்றனர். ஒரு மாதம் அலகு விலை 40 ரூபாயாகவும் மறுமாதம் 60 ரூபாயாகவும் இருக்கையில், ஒவ்வொரு மாதமும் 1,000 ரூபாய் செலுத்தினால், அலகு ஒன்றின் சராசரி அடக்கவிலை 50 ஆகாது. அதே 48 ரூபாய்தான். முதலீட்டில் நமக்கு ஆதாயம் தரும் இக்கணக்கு, பயணத்தில் ஓர் உண்மையை உணர்த்துகிறது. மெதுவாகச் சென்ற நேரத்தை விரைவால் ஈடுசெய்தல் நாம் எண்ணுவதைவிடக் கடினம்.

எண்பத்தைந்தாவது வாகனம்

நூறு வாகனங்களின் வேகத்தை ஏறுவரிசையில் எழுதினால், எண்பத்தைந்தாவது இடத்தில் உள்ள வேகத்திற்குத் தனி மதிப்பு உண்டு. நூற்றுக்கு 85 ஓட்டுநர் அவ்வேகத்திலோ அதற்குக் குறைவாகவோ செல்கின்றனர். பெரும்பாலோர் நிதானமுள்ளவர், அவர்கள் தேர்ந்த வேகம் சாலைக்கு ஏற்றதாகவே இருக்கும் என்ற கருத்தில், வேக வரம்பை விதிக்க இந்த எண்பத்தைந்தாம் நூற்றுமானத்தைப் பல நாடுகளின் பொறியாளர் அடிப்படையாகக் கொண்டனர்.

இக்கருத்தில் ஒரு குறை உண்டு. ஓட்டுநர் எல்லோரும் சற்றே விரைந்தால் அந்த எண்ணும் உயரும். அதனைப் பின்பற்றி வரம்பை உயர்த்தினால் வேகம் மேலும் ஏறும். அதைவிடப் பெரிய குறை, அளவெடுப்பில் யார் இடம்பெறவில்லை என்பதில் உள்ளது. சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறுமியும், ஓரமாக நடக்கும் முதியவரும், மிதிவண்டியில் பணிமனைக்குச் செல்பவரும் அந்த நூற்றுக்குள் வருவதில்லை. அவர்களையும் கணக்கில் கொண்டே, 2020 பிப்ரவரியில் கூடிய உலக மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்போரும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என வலியுறுத்தியது.

வரம்பும் வழக்கும்

நம் நாட்டில் 2018 ஏப்ரலில் மத்திய அரசு வேக வரம்புகளை உயர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 120 கிலோமீட்டரும், நடுவே பிரிப்பான் உள்ள நான்குவழிச் சாலைகளில் 100 கிலோமீட்டரும் அதில் குறிக்கப்பட்டன. விபத்து இழப்பீடு தொடர்பான ஒரு மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021இல் அவ்வறிவிக்கையை ரத்து செய்தது. சாலையும் வாகனமும் மேம்பட்டதால் வேகம் உயரலாம் என்பது ஒரு தரப்பு. வேகம் உயர உயிரிழப்பும் உயரும் என்பது மறுதரப்பு. இவ்விவாதம் புள்ளிவிவரங்களின் மீதே நடைபெறுகிறது.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். உயிரிழப்புகளில் 71.2 விழுக்காட்டிற்கு அதிவேகமே காரணமெனப் பதிவாகியுள்ளது. இது காவல்துறைப் பதிவிலிருந்து திரட்டப்பட்ட எண். வேகமானி அளந்த எண் அன்று. எனவேதான் சாலைகளில் முறையாக வேகம் அளந்து பதிதல் இன்றியமையாதது. நோயைக் கணிக்காமல் மருந்து கொடுக்கலாகாது.

லாபநட்டக் கணக்கு

விரைவின் லாபத்தை முதலில் பார்ப்போம். 30 கிலோமீட்டர் பயணத்தை 60 வேகத்தில் கடக்க 30 நிமிடம். 80 வேகத்தில் இருபத்திரண்டரை நிமிடம். 100 வேகத்தில் 18 நிமிடம். முதல் இருபது கிலோமீட்டர் கூடுதல் வேகம் ஏழரை நிமிடத்தைத் தருகிறது. அடுத்த இருபது நாலரை நிமிடத்தையே தருகிறது. பொருளியலில் நாம் பயின்ற குறைந்துசெல் விளைவு விதி இங்கும் ஆட்சி செய்கிறது. ஊர் எல்லையும் வேகத்தடையும் குறுக்கிடும் உண்மைச் சாலையில் இந்த லாபம் மேலும் சுருங்கும்.

நட்டமோ வளர்ந்துகொண்டே செல்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60இலிருந்து 80க்கு உயரும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆற்றலோ ஏறத்தாழ 78 விழுக்காடு கூடுகிறது. ஆபத்தை உணர்ந்து வாகனத்தை நிறுத்த 60 வேகத்தில் சுமார் 80 மீட்டர் தேவை. 80 வேகத்தில் 125 மீட்டருக்கும் மேல் தேவை. சுவீடன் நாட்டு ஆய்வாளர் கோரான் நில்சன் கண்ட தொடர்பின்படி, உயிர்ப்பலி விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுகின்றன. சராசரி வேகம் 5 விழுக்காடு உயர்ந்தால் அவ்விபத்துகள் ஏறத்தாழ 21 விழுக்காடு கூடும். 5 விழுக்காடு குறைந்தால் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். கூட்டு வட்டியின் வலிமையை அறிந்த நம் வாடிக்கையாளர்களுக்கு, சிறு மாற்றம் பெரும் விளைவு தருவதை விளக்கவேண்டியதில்லை.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அதிவேகத்திற்கு இலகுரக வாகன ஓட்டுநருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகன ஓட்டுநருக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கிறது. ஆயினும் அபராதம் இக்கணக்கின் மிகச் சிறிய பற்று. குடும்பத்தின் சம்பாத்தியம் நின்றுபோதல், வாகனக் கடன் தவணை நிலுவையாதல், பிள்ளைகளின் கல்விக்கென்று சேர்த்த வைப்பை முதிர்வுக்கு முன்பே முறித்தல் ஆகியவையே பெரும் பற்றுகள். காப்பீடு பணத்தை ஈடுசெய்யலாம், மனிதரை ஈடுசெய்யாது.

பதறாத காரியம் சிதறாது என்பது முன்னோர் வாக்கு. வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவோர்க்கு, வழியில் வேகத்தைக் கடன் வாங்கும் தேவை எழாது. ஊர் எல்லைக்குள் நுழைகையில் வேகத்தைக் குறைப்போம். எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரியும்வரை முந்தாதிருப்போம். வாகனக் காப்பீட்டைக் காலாவதியாக விடாதிருப்போம். நம் ஒவ்வொருவரின் வேகமும் சாலையின் சராசரியில் ஓர் எண்ணாகச் சேர்கிறது. அவ்வெண்ணைச் சற்றே குறைத்தால், நாம் காணாத ஒருவர் பத்திரமாக வீடு சேர்வார்.