சக்கரம் வாங்கச் சந்தா எதற்கு?

திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எடை அரை கிராம்கூட வராது. விரலால் எண்ண உட்கார்ந்தால் பாதி நகக்கண்ணுக்குள் போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்தில் கஜானாவில் சக்கரப்பலகை வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகக் குழி போட்ட மரப்பலகை. காசை அள்ளிக் கொட்டி ஓர் ஆட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் குளிர்காய்ந்த வட்டிக்கடைக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது. ஆகவே இங்கே எந்தப் பழைய வீட்டு மரப்பெட்டியைத் திறந்தாலும் அடியில் நாலு சக்கரமோ சங்கு போட்ட செம்புக்காசோ கிடக்கும். என் அப்பா வடசேரியில் கோயில் நகை செய்தவர். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் சக்கரத்தை முடிச்சாகக் கட்டிக்கொண்டு உருக்க வருவார்கள். மூசையில் போடும் முன் ஒன்றிரண்டை எடுத்து, அதற்குச் சரியான வெள்ளியை வைத்துவிட்டு, தகர டப்பாவில் போட்டு வைப்பார் அவர். அந்த டப்பாதான் எனக்கு வந்த சொத்து. இப்போது நகை வேலை குறைந்துவிட்டது, நாணயத்தைக் கொண்டுவந்து நீட்டி, “இது தேறுமா?” என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

தங்கை மகன் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். செல்போனில் ஓர் இதழைக் காட்டினான். நாணய முதலீட்டுக்கென்றே மாதாமாதம் ‘நிபுணர் கடிதம்’ வருமாம். வருடச் சந்தா ஒரு நல்ல பட்டு வேட்டியின் விலை. அந்த மாத இதழின் தலைப்பு, ‘மூன்று வருடத்தில் இரட்டிப்பாகப் போகும் ஐந்து நாணயங்கள்’. ஐந்தில் ஒன்று நம் ஊர்க்காசு, திருவிதாங்கூரின் சித்திரா அரை ரூபாய்.

“மாமா, கெட்டலாமா?”

“எதுக்குலே, இரட்டிப்பாகும்னு தெரிஞ்சவன் உனக்கு எதுக்குச் சொல்லுதான்?”

“என்ன மாமா இப்பிடிச் சொல்லுதீய. அவரு முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காராம்.”

எனக்குக் கவலை தந்ததே அந்த முப்பது வருடம்தான். தொழிலில் இருப்பவரின் அலமாரியில் சரக்கு இருக்கும்.

இந்தக் கடிதத் தொழில் அமெரிக்காவில் எப்படி ஓடியது என்பதை நாணயக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1980களில் நியூயார்க்கின் சாலமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் போட்டது: பங்கு, கடன்பத்திரம், தங்கம், ஓவியம், நாணயம் இவற்றில் எது எவ்வளவு ஏறியது என்று. நாணயம் அடிக்கடி மேலே நின்றது. அந்தக் கணக்கு வெறும் 20 நாணயங்களை வைத்துப் போட்டது. அவற்றின் விலையை மதிப்பிட்டுக் கொடுத்ததும் ஒரு நாணய வியாபார நிறுவனம்தான். அதெல்லாம் அரிய, நல்ல நிலையிலுள்ள காசுகள். ஆனால் பட்டியலைக் காட்டித் தபாலிலும் தொலைபேசியிலும் விற்கப்பட்டவை பெரும்பாலும் சாதாரணக் காசுகள்; தேய்மானத்தை மறைத்து உயர்ந்த தரம் என்று சொல்லப்பட்டவை. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இப்படி விற்றவர்கள் சிலர்மீது வழக்குப் போட்டது.

1986-லும் 87-லும், நாணயத்தின் தரத்துக்கு 70 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து முத்திரையிடும் நிறுவனங்கள் வந்தன. பி.சி.ஜி.எஸ். ஒன்று, என்.ஜி.சி. இன்னொன்று. இனி ஏமாற்ற முடியாது, காசும் பங்குப்பத்திரம் மாதிரிதான் என்று கடிதங்கள் எழுதின. மெரில் லிஞ்ச், கிட்டர் பீபாடி போன்ற வால்ஸ்ட்ரீட் நிறுவனங்களே நாணய நிதி தொடங்கின. பணம் வருகிறது என்ற செய்தியிலேயே விலை ஏறி, 1989 நடுவில் உச்சிக்குப் போய், 1990-இல் குப்புற விழுந்தது. பல சாதாரண ரகங்கள் பாதி விலைக்கும் கீழே போய், வருடக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. மெரில் லிஞ்சின் நிதிக்கு நாணயம் வாங்கிக் கொடுத்த புரூஸ் மெக்நால் பிறகு வங்கிகளை ஏமாற்றிய வழக்கில் சிறைக்குப் போனார். உறைக்குள் போட்ட மதிப்பெண்ணில் பெரிய பழுது இல்லை. காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். நாளைக்கு யார் என்ன விலைக்கு வாங்குவார் என்பது அந்த உறைக்குள் இல்லை.

பங்குச்சந்தையிலாவது கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. ஆல்ஃபிரட் கவுல்ஸ் என்பவர் பல முதலீட்டுக் கடிதங்களுக்குச் சந்தா கட்டி, 1929 வீழ்ச்சியை அவை முன்கூட்டிச் சொல்லாததில் நொந்துபோனவர். 16 நிறுவனங்கள் நாலரை வருடம் கொடுத்த சுமார் 7,500 பரிந்துரைகளை எடுத்துக் கணக்குப் போட்டு 1933-இல் வெளியிட்டார். அந்தப் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால், சந்தையின் சராசரியைவிட வருடத்துக்கு 1.43 சதவீதம் குறைவாகவே கிடைத்திருக்கும். பிறகு கிரஹாம், ஹார்வி என்ற இரு ஆய்வாளர்கள் 1980 முதல் 1992 வரை 237 கடிதங்களைச் சோதித்து 1996-இல் எழுதியதும் கிட்டத்தட்ட அதே கதைதான். சந்தை ஏறுமா இறங்குமா என்று சொல்லும் திறமை அவற்றில் அநேகமாக இல்லை.

பங்குக்குத் தினமும் விலை உண்டு. நாணயத்துக்கு அது கிடையாது. ஒரு பேச்சுக்கு, சித்திரா அரை ரூபாயைக் கடைக்காரர் உனக்கு 1,000 ரூபாய்க்குத் தருகிறார் என்று வை. அன்று சாயங்காலமே திரும்பக் கொண்டுபோனால் 650, 700 தருவார். ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் அடித்த விலைக்கு மேல் கமிஷன் தனி. ஆக, ‘ஏறும்’ என்ற ஜோசியம் பலித்தாலும் முதல் நாற்பது ஐம்பது சதவீதம் வெறும் நட்டத்தை அடைக்கத்தான் ஆகும். இன்னொன்று, சந்தை ரொம்பச் சின்னது. நாகர்கோவில், திருவனந்தபுரம், கொச்சி எல்லாம் சேர்த்தாலும் ஒரு ரகத்தில் நல்ல காசு எந்த நேரத்திலும் சிலதுதான் விற்பனைக்கு இருக்கும். கடிதம் முந்நூறு பேருக்குப் போய், அதில் முப்பது பேர் தேடினாலே விலை துள்ளும். அடுத்த இதழில், ‘நாங்கள் சொன்னது ஏறியது பார்த்தீர்களா’ என்று எழுதலாம். பொய்யுமில்லை. அந்த ஏற்றத்தில் விற்றவர் யார் என்பதுமட்டும் இதழில் வராது.

அப்படியானால் நிபுணரே வேண்டாமா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியை நினைத்துப் பார்க்கலாம். நாஞ்சில் நாட்டுக் குடும்பம். 2021-இல் காலமானார். சங்க கால மன்னர்கள் பேர் போட்டுக் காசு அடித்திருப்பார்களா என்று அறிஞர்கள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த 1980களில், தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று எழுதிய பாண்டியர் செம்புக்காசை அடையாளம் கண்டு சொன்னவர் அவர். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மீன் சின்னம். கறுத்து, தேய்ந்து, சதுரமாக இருக்கும் அந்தத் துண்டு எத்தனையோ பாத்திரக்கடைகளில் செம்பு எடைக்குப் போயிருக்கும். இது என்ன என்று சொல்லத் தெரிந்தவர் கையில் வந்ததால் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு வரி மாறியது. அவர் தாம் கண்டதையெல்லாம் படத்தோடும் எடையோடும் நூலாகப் போட்டார். நம் காசுகளுக்குப் பீனா சரசன் எழுதிய திருவிதாங்கூர் நாணய நூல் உண்டு. இவர்களில் யாரும் அடுத்த வருட விலை சொல்லவில்லை.

காசு என்ன என்று சொல்லும் அறிவுதான் பணத்தைக் காப்பாற்றும். சித்திரா அரை ரூபாயில் ஆண்டு மலையாளத்துக் கொல்லம் ஆண்டில் இருக்கும். 1121 என்றால் 824-ஐயோ 825-ஐயோ கூட்ட வேண்டும்; 1945-46 வரும். இணையத்தில் ஒருவர் ‘ஒன்பது நூற்றாண்டுப் பழமை’ என்று அதை விற்பனைக்குப் போட்டிருந்தார். அவர் அறியாமல் போட்டாரா அறிந்தே போட்டாரா என்பது சுசீந்திரம் அனுமாருக்குத்தான் வெளிச்சம்.

ஆறாம் ஜார்ஜின் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அருமையானது. 1940-இல் வெள்ளியின் தரத்தையே பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்திய கடைசி ஆண்டு அது. எல்லாக் கடிதத்திலும் அதன் பேர் வரும். ஆனால் 1938-இன் எட்டை ஒன்பதாக்க நல்ல கை உள்ள ஓர் ஆசாரிக்கு அரைமணி நேரம் போதும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் மினுமினுப்பு வேறாக இருக்கும். பவுன் காசுக்கு உரைகல்கூட உதவாது. 1950களில் பெய்ரூட்டில் சரியான தங்கத்திலேயே போலி சவரன் அடித்தார்கள். தங்கம் நிஜம், காசு பொய். காசுமாலையிலிருந்து கழற்றியதென்றால் காது ஒட்டிய இடத்தை ராவி மறைத்திருப்பார்கள். விளிம்பைத் தடவினாலே விரலுக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. விற்கப் போகும் முன் புளி போட்டுப் பளபளவென்று விளக்கிவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நூறு வருடத்துப் பாசி போய், விலையில் பாதியும் போய்விடும். இதை எந்த நிபுணர் கடிதமாவது முதல் பக்கத்தில் எழுதினால் நானே சந்தா கட்டுவேன்.

டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சம், வைஷ்ணோ தேவி காசுக்குப் பத்து லட்சம் என்று விளம்பரம் வருவதெல்லாம் வேறு கணக்கு. அதில் வாங்குகிறவரே கிடையாது. பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று நம்மிடம்தான் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில், தன் பேரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள், பழைய நோட்டு, காசு வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அறிவித்தது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தனி ஆள் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மஸ்கட்டில் நண்பர்களுக்குக் காட்டலாம் என்று நாலு வெள்ளிச் சக்கரத்தைப் பர்ஸில் போட்டு வைத்திருந்தவன் முகம் அப்போது மாறிவிட்டது. வயல் உழும்போது காசுக்குடம் கிடைத்தால், பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது.

கடைசியில் அவனிடம் ஒன்று சொன்னேன். நம் டப்பாவில் நல்ல நிலையில் சித்திரா அரை ரூபாய் இருக்கிறது. கடிதக்காரருக்கே போன் போட்டு, அவர் இன்றைய விலை என்று அச்சடித்திருக்கும் அதே விலைக்கு வாங்கிக்கொள்வாரா என்று கேள். போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். அவர் மிக மரியாதையாகப் பேசினார். இப்போதைக்கு வாங்குவதில்லை என்றார்.

“ஆனா சார், உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. நம்மகிட்ட ஸ்டாக் நிறையக் கெடக்கு.”